பாலியில் ஆறு நாள், அதில் ஒரு நாள் இணையம் இல்லை

25 மார்ச் 2025, செவ்வாய் – செங்காங், சிங்கப்பூர்

பெட்டி மாலையே தயாராகிவிட்டது. போன்தான் இரவு பதினொரு மணி வரை இழுத்தது.

நாளை காலை நான்கு பேர் பாலிக்குக் கிளம்புகிறோம். நான், வீட்டுக்காரர், பாலிடெக்னிக் விடுமுறையில் கட்டிலை விட்டு இறங்காத மகள், அப்புறம் அம்மா. திங்கட்கிழமை நோன்புப் பெருநாள் விடுமுறை. முன்னால் மூன்று நாள் லீவு போட்டால் ஆறு நாள் கையில். சனிக்கிழமை அங்கே அவர்களுடைய வருடப்பிறப்பாம். கடைகள் இருக்காது, யாரும் வெளியே போகக்கூடாது என்று தங்கும் விடுதியிலிருந்து எழுதியிருந்தார்கள். போகட்டும், ஒரு நாள் அறையில் படுத்துக்கொண்டு படம் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். படம் பார்க்க டேட்டா வேண்டுமே!

வீட்டுக்காரர் எதையும் எக்செல் போட்டுத்தான் வாங்குவார். அரிசிக்கே போட்டவர். ஒரு வாரமாக ஈசிம்களை (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) வரிசை கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் ரோமிங் திட்டத்தை (வெளிநாட்டிலும் நம் சிம்மையே ஓட்டுவது) நான்கு பேருக்கும் வாங்கினால் கட்டுப்படியாகாது. பாலி விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கலாம். ஆனால் இந்தோனேசியாவில் உள்ளூர் சிம் போட்டால் போனின் ஐஎம்இஐ எனும் அடையாள எண்ணைப் பதிய வேண்டும். 2020-லிருந்து இந்த விதி. சுற்றுப்பயணிகளுக்கு 90 நாளுக்கு மட்டும், விற்கும் இடத்திலேயே கடப்பிதழைப் பார்த்துப் பதிந்து கொடுக்கிறார்கள். பெரிய வேலை இல்லைதான், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். பயண ஈசிம் ரோமிங்கில் ஓடுவதால் அந்தப் பதிவு தேவையில்லை.

'வரம்பில்லாதது' என்று விற்கும் திட்டங்கள் பார்க்க அழகாக இருந்தன. சிறிய எழுத்தில் போய்ப் படித்தால், தினமும் இவ்வளவுக்கு மேல் வேகம் குறையும், ஹாட்ஸ்பாட் கொடுக்க (ஒரு போனின் இணையத்தை இன்னொன்றுக்குப் பகிர) கட்டுப்பாடு உண்டு. எங்களுக்கு ஹாட்ஸ்பாட் இல்லாமல் முடியாது. அம்மாவின் போன் பழசு, அதில் ஈசிம் ஏறாது. கடைசியில் 10 ஜிபி, 30 நாள், ஹாட்ஸ்பாட் உண்டு, 21 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பதை எனக்கும் மகளுக்கும் ஆளுக்கொன்று வாங்கினோம்.

வீட்டுக்காரருக்கும் ஒன்று வாங்கத்தான் உட்கார்ந்தோம். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று மகள் அவர் போனில் *#06# அடித்தாள். ஈசிம் ஏறும் போன் என்றால் ஐஎம்இஐ எண்ணோடு ஈஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் வரும். வரவில்லை. அவருடைய ஐபோன் 13 ஹாங்காங்கில் வாங்கியது. அங்கே விற்கும் ஐபோன் 13-இல் இரண்டு சிம் அட்டை வைக்க இடம் உண்டு, ஈசிம் கிடையாது. ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தவருக்கு ஈசிம்மே கிடையாது என்பதை அம்மா சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு நானே தேவலை. என் போன்ல ஏறாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

வீட்டு வைஃபையிலேயே கியூஆரை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டோம். அங்கே போய் ஏற்ற நினைத்தால், ஏற்றுவதற்கே இணையம் வேண்டியிருக்கும். நாங்கள் வாங்கியதில் நாள் கணக்கு, அந்த ஊர் நெட்வொர்க்கைப் பிடித்த நிமிடத்திலிருந்துதான் ஓடும். சில திட்டங்களில் ஏற்றியவுடனேயே ஓடத் தொடங்கிவிடும், அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

26 மார்ச், புதன் – சாங்கி விமான நிலையம், பாலியின் சானூர்

இரண்டே முக்கால் மணி நேரப் பயணம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டிய வேலை இல்லை. பாலியும் சிங்கப்பூர் நேரம்தான். சுற்றுப்பயணி வரி ஆளுக்கு 1,50,000 ருப்பியா, முன்கூட்டியே கட்டிவிட்டோம். ஒரு வெள்ளிக்குப் பன்னிரண்டாயிரம் ருப்பியாவுக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது. பணப்பையில் முப்பது லட்சம் வைத்துக்கொண்டு அம்மா இறங்கினார். "உங்க அப்பா இருந்திருக்கணும்."

விமானம் தரையைத் தொட்டதும் என் போனில் சிக்னல் கோடு நிறைந்தது. இணையம் மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடம் வேர்த்துவிட்டது. குடிநுழைவு வரிசையில் நின்றபடி மகள்தான் கண்டுபிடித்தாள். ரோமிங் என்றாலே பில் வந்துவிடும் என்று பயந்து, நான் எல்லாவற்றுக்கும் டேட்டா ரோமிங்கை நிறுத்தி வைத்திருந்தேன். சிங்கப்பூர் சிம்முக்கு நிறுத்தியது சரி. பயண ஈசிம்முக்கு அதைத் திறந்தால்தான் ஓடும், அது பிறந்ததே ரோமிங்குக்காகத்தானே.

இணையம் வந்ததும் கூகுள் எனக்கு ஹாங்காங் விளம்பரங்களைக் காட்டியது. நான் பாலியில் நின்றாலும் என் டேட்டா, ஈசிம் கொடுத்தவர்களின் நாடு வழியாகச் சுற்றித்தான் இணையத்துக்குப் போகிறது. அதனால்தான் பக்கம் திறக்க ஒரு நொடி கூடப் பிடிக்கிறது. "என் போன் பிறந்த ஊருக்கு உன் டேட்டா போயிட்டு வருது" என்று வீட்டுக்காரர் ஆறுதல் பட்டுக்கொண்டார்.

சானூருக்கு அரை மணி நேரம் என்றார் ஓட்டுநர். ஒன்றரை மணி ஆனது. வழியில் வெள்ளை உடுத்திய ஊர்வலம் ஒன்று சாலையை நிரப்பிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மெலாஸ்தி. வருடப்பிறப்புக்கு முன்னால் கோயில் திருமேனிகளைக் கடலுக்கு எடுத்துப்போய்ச் சுத்தம் செய்கிறார்கள். குடை, கொடி, தலையில் படையல் தட்டு சுமந்த பெண்கள். ஒரு வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார். ஊர்வலத்தில் போன ஒரு கிழவி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஓட்டுநரின் பெயரைக் கேட்டதும் அவர் வீட்டில் மூத்தவர் என்று தெரிந்துவிட்டது. பாலியில் பெயரே வரிசை எண்தான். முதல் பிள்ளை வாயன், இரண்டாவது மடே, மூன்றாவது ஞோமன், நான்காவது கெதுட். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயன். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போய், எங்களை எல்லாம் அந்த வரிசையில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் வாயன். பேங்காக்கில் வேலை பார்க்கும் தம்பி மடே.

அம்மா செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். அந்தக் காலத்துப் பாசார் மலாய் (சந்தைப் பேச்சு மலாய்) இன்னும் நாக்கில் இருக்கிறது. ஓட்டுநர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "பிசா, பிசா" என்று சொல்ல, அம்மா என் காதில், "என்ன இவரு விஷம் விஷம்ங்கறாரு?" என்றார். மலாயில் விஷம், இந்தோனேசியத்தில் 'முடியும்'. அதைத் தவிர வேறு எங்கும் அம்மா தடுமாறவில்லை. நான்தான் மொழிபெயர்ப்புச் செயலியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

இரவு வாருங் எனும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் நாசி சம்புர். சோறு, மீனை அரைத்துக் குச்சியில் பிடித்துச் சுட்ட சாத்தே லிலிட், புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே, தேங்காய்ப்பூ போட்ட கீரை, கொஞ்சம் சம்பால் மத்தா. ஒரு தட்டு 35,000. அந்தச் சம்பாலைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், எல்லாம் பச்சையாக நறுக்கிச் சூடான எண்ணெய் ஊற்றிப் பிசைந்தது. அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கி, மூன்றாம் முறை செய்முறையையும் கேட்டு வாங்கினார்.

27 மார்ச், வியாழன் – நூசா லெம்போங்கான்

சானூரிலிருந்து இந்தக் குட்டித் தீவுக்கு வேகப்படகு, அரை மணி. பயணச்சீட்டில் எந்தக் குழப்பமும் இல்லை, குழப்பம் இறங்கும்போதுதான். இந்தப் பக்கம் புதிய துறைமுகம், ஷட்டில் பேருந்து மாதிரி ஏறிவிட்டோம். அந்தப் பக்கம் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். படகுக்காரப் பையன் இருவர் அம்மாவை இரு பக்கமும் பிடித்துப் பூப்போல இறக்கினார்கள். என்னை யாரும் பிடிக்கவில்லை. என் ஒரு செருப்பு இப்போது பக்கத்துத் தீவான நூசா பெனிடா பக்கம் போயிருக்கும்.

தீவில் டாக்ஸி கிடையாது. பின்பக்கம் பெஞ்சு போட்ட குட்டி லாரிதான். போனில் வண்டி அழைக்கும் பழக்கத்தை மறந்துவிட்டு, வாயைத் திறந்து பேரம் பேச வேண்டும். 'நாலு பேர், நாள் முழுக்க' என்று அம்மா மலாயில் பேசி முடித்த விலையைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஆஸ்திரேலியத் தம்பதி முகம் வாடிவிட்டது.

மஞ்சள் பாலம் வழியாக நூசா செனிங்கான் என்ற ஒட்டிய தீவுக்கு நடந்தோம். பழைய பாலம் 2016-இல் இடிந்து ஆட்கள் இறந்துபோனார்கள், இப்போதிருப்பது அதன் பிறகு கட்டியது. கீழே கண்ணாடி போன்ற தண்ணீர், அடியில் கட்டம் கட்டமாகக் கடற்பாசித் தோட்டம். கரையில் ஒரு பெண்மணி பாசியைக் கயிற்றில் முடிந்துகொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் குந்திவிட்டார். நடுவில் சுற்றுலா வந்து எல்லோரும் பாசியை விட்டுவிட்டு ஓட்டல் வேலைக்குப் போனார்களாம். கொரோனாவில் பயணிகள் வராமல் போனதும் மறுபடி கடலில் இறங்கினார்களாம். "பாசி எங்கேயும் ஓடிப் போகல, நாங்கதான் போயிட்டு வந்தோம்னு சொல்லுது" என்று அம்மா எங்களுக்கு மொழிபெயர்த்தார். கடற்பாசி இப்படி முடி போட்டு வளர்வது எனக்கு இன்றுதான் தெரியும்.

மதியத்துக்கு மேல் போனுக்கு வந்தது வினை. தீவின் மேற்குப் பக்கம் ஒரே ஒரு கோடு. படம் ஒன்று அனுப்பப் பத்து நிமிடம். தங்கிய இடத்து இளைஞர் என் போனை எட்டிப் பார்த்து, "இங்கே டெல்கொம்செல் நெட்வொர்க்கைப் பிடிங்க, இபூ (அம்மா)" என்றார். எங்கள் ஈசிம்முக்கு இரண்டு நிறுவனங்களின் நெட்வொர்க்கில் ஓட அனுமதி இருந்திருக்கிறது. போன் தானாகப் பிடித்த ஒன்றையே விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டுக் கையால் மாற்றியதும் மூன்று கோடு. இந்தத் தீவுகளுக்கு வருகிறவர்கள் வாங்கும்போதே, உள்ளூரில் எந்த நெட்வொர்க்கில் ஓடும் என்பதைப் பாருங்கள். எத்தனை ஜிபி என்பதைவிட அதுதான் முக்கியம்.

இதை நான் கண்டுபிடித்து மகளிடம் சொல்லப் போவதற்குள் அவள் வேறு வைத்தியம் செய்துவிட்டாள். சிக்னல் சரியில்லை என்றால் ஈசிம்மை நீக்கிவிட்டு மறுபடி ஏற்று என்று தோழி யாரோ சொன்னாளாம். நீக்கிவிட்டாள். மறுபடி கியூஆரை ஸ்கேன் செய்தால், 'இந்தக் குறியீடு பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்று வருகிறது. பல ஈசிம்களின் கியூஆர் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். நீக்குவது என்பது சிம் அட்டையை வெட்டிக் குப்பையில் போடுவது போல. அணைத்து வைக்கலாம், நீக்கக்கூடாது. விற்ற நிறுவனத்தின் உதவி அரட்டையில் முதலில் இயந்திரம் வந்தது, விமானப் பயன்முறையைப் போட்டு எடுக்கச் சொன்னது. நாற்பது நிமிடம் கழித்து மனிதர் வந்தார், புதிதாக வாங்கச் சொன்னார். கிட்டத்தட்ட 9 ஜிபி காற்றில் போனது. என் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து 3 ஜிபி ஒன்றை 9 வெள்ளிக்கு வாங்கினாள். அவள் அப்பா தன் எக்செலில் அந்த வரியைச் சிவப்பில் சேர்த்திருக்கிறார்.

இன்னொரு ஓட்டை என் பக்கம். அம்மாவின் எட்டு மணி சீரியலுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனேன். சீரியல் பாதி, அம்மாவின் போன் அதை வீட்டு வைஃபை என்று நினைத்துத் தன்பாட்டுக்குப் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றியது மீதி. ஒரே இரவில் 2 ஜிபி.

28 மார்ச், வெள்ளி – சானூர்

காலைப் படகில் திரும்பினோம். சானூர் சூப்பர்மார்க்கெட்டில் நம் ஊரில் சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் மாதிரிக் கூட்டம். தண்ணீர், ரொட்டி, மீ கோரெங் பாக்கெட், மெழுகுவர்த்தி. க்ளெப்போன் என்று ஒன்று வாங்கினால், நம் ஊர் ஓண்டே ஓண்டே. கடித்ததும் வெல்லப்பாகு தெறித்து என் சட்டை போயிற்று. பத்துக்கு 15,000.

விடுதி உரிமையாளர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். நாளை காலை 6 மணியிலிருந்து ஞாயிறு காலை 6 மணி வரை ஞெப்பி, அதுதான் அவர்களுடைய வருடப்பிறப்பு. தீ, விளக்கு இல்லை. வேலை இல்லை. பயணம் இல்லை. கேளிக்கை இல்லை. விமான நிலையமும் மூடும். இதெல்லாம் முன்பே தெரிந்ததுதான். கடைசி வரியில்தான் கண் நின்றது: தீவு முழுக்கக் கைப்பேசி இணையம் நிறுத்தப்படும்.

"எங்களுது இங்க வாங்கின சிம் இல்ல, ரோமிங்" என்றார் வீட்டுக்காரர், ஒரு வாரம் படித்த தெம்பில். உரிமையாளர் பொறுமையாகச் சிரித்தார். ரோமிங்கானாலும் ஓடுவது இந்தக் கோபுரத்தில்தானே? அரசு சொல்லி எல்லா நிறுவனங்களும் டேட்டாவை அணைக்கின்றன. 2018-லிருந்து இப்படித்தான். பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் இருக்கும். சரி, விடுதி வைஃபை? பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் விட்டு வைப்பார்களாம். "நான் அணைத்துவிடுவேன் பாக் (ஐயா)" என்றார். அந்தக் குரலில் மன்னிப்பும் இல்லை, கடுமையும் இல்லை.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது மணி மூன்றரை. மகள் போனைப் பார்த்தபடி எழுந்து நின்றாள். மியன்மாரில் நிலநடுக்கம், பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று இடிந்து விழும் காணொளி. தம்பி அலுவலகம் பேங்காக்கில் 22-ஆவது மாடி. அவனுக்கு அனுப்பியது ஒற்றைக் குறியோடு நின்றது. அம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தோம், அம்மா எங்கள் மூன்று பேர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். "மடேக்கு என்ன?"

ஐந்தே முக்காலுக்குக் குரல்பதிவு வந்தது. படிக்கட்டில் இறங்கிவிட்டான், ரயில் ஓடவில்லை, வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறான். பின்னணியில் ஒரே வாகன இரைச்சல். அம்மா அதை எட்டு முறை கேட்டார்.

இரவு ஓகோ ஓகோ ஊர்வலம். மூங்கிலில் கட்டிக் காகிதம் ஒட்டிய பூதங்கள், கோரைப்பல், தொங்கும் நாக்கு. இளைஞர் கூட்டம் மூங்கில் சட்டத்தைத் தோளில் தூக்கி, நாற்சந்திக்கு வந்ததும் கிறுகிறுவென்று சுழற்றுகிறது. தாளமும் கோங் மணியும் நெஞ்சில் அடிக்கிறது. தைப்பூசத்தில் பெரிய காவடி சுழலும்போது கூட்டம் பின்வாங்குமே, அதே அலை. எல்லோரும் நேரலை போட்டதில் நெட்வொர்க் மூச்சுத் திணறியது. எனக்கு இப்போதே நள்ளிரவு தாண்டிவிட்டது, காலை ஆறுக்குள் இதை ஏற்றிவிட வேண்டும்.

29 மார்ச், சனி – சானூர் (ஞாயிறு காலை ஏற்றியது)

5:55-க்கு எழுந்து போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வேடிக்கைதான். 6:00-க்கு 4ஜி என்ற எழுத்து இருந்தது. 6:04-க்கு இல்லை. சிக்னல் கோடுகள் மட்டும் அப்படியே நின்றன, எடுத்துச் சாப்பிட ஒன்றும் இல்லாத அழகான தட்டு மாதிரி. என்னிடம் 6.3 ஜிபி மீதி.

வீட்டுக்காரர் படங்களைப் பதிவிறக்கி வைக்கவில்லை. "ஆன்லைன்லதான் பார்க்கப் போறோமேன்னு..." என்றார். மகளிடம் ஒரு கொரியத் தொடரின் நான்கு பகுதிகள் இருந்தன. அவளுக்கு இன்று அந்த வீட்டில் ராணி மரியாதை.

அம்மாவின் கவலை வேறு. இன்று அமாவாசை, அதோடு திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி. சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போகிறார். வாக்கியப் பஞ்சாங்கப்படி அடுத்த ஆண்டுதான், திருநள்ளாற்றிலும் அந்தக் கணக்குதான் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா திருக்கணிதக் கட்சி. ராசிபலன் நேரலைக்காகத் தேதியைக் குறித்து வைத்திருந்தார். "சனி பெயர்ற அன்னிக்கே இன்டர்நெட்டைப் புடுங்கிட்டானே. இது யாரு ராசிக்கு?"

எட்டு மணிக்குத் தம்பியிடம் பேச வேண்டும் என்றார். நேற்றே பேசியாயிற்று, ஆனால் குரல்பதிவு பேச்சு ஆகாதாம். வாட்ஸ்அப் இல்லை. பயண ஈசிம்மில் டேட்டா மட்டும்தான், எண்ணே கிடையாது. வங்கிக் குறுஞ்செய்தி வந்தால் தேவைப்படுமே என்று அணைக்காமல் வைத்திருந்த சிங்கப்பூர் சிம்தான் கை கொடுத்தது. பாலியிலிருந்து தாய்லாந்துக்கு ரோமிங்கில் அழைப்பு. நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழைத்திருக்க மாட்டேன். நான்கு நிமிடம். "சாப்டியா? சுவத்துல விரிசல் இருக்கா? நல்லாப் பாரு, டார்ச் அடிச்சுப் பாரு." பில் வரும்போது அதற்கு வேறு ஒரு பதிவு.

அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம்கூடக் கிடையாது. நேற்று வரை தெருவே இரைச்சலாக இருந்தது. சேவல், நாய், தூரத்தில் கடல். கேட் இடுக்கு வழியாகப் பார்த்தால், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வேட்டியில் பெசாலாங் காவலர் இருவர் நடந்து போனார்கள். உரிமையாளரின் மனைவி நேற்றே சமைத்து வைத்த சோறு, வறுத்த தெம்பே, வேர்க்கடலை. அம்மாவுக்கு அமாவாசைச் சாப்பாடு தேடும் வேலையே இல்லாமல் போனது.

மதியம் அந்த அம்மாளும் எங்கள் அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து, தென்னங்குருத்தை மடித்து அதில் பூ வைக்கும் சானாங் சாரித் தட்டுகளைப் பற்றி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று கைவேலை கூடாது என்பதால் செய்து காட்டவில்லை, விரலால் காற்றில் மடித்துக் காட்டினார். இன்று சக ஆண்டு 1947 பிறக்கிறது என்றார். நம் பஞ்சாங்கத்திலும் சக வருடம் போட்டிருக்குமே, அதுவா என்று அம்மா கேட்டார். அதுவேதான். நாளைக்கு யுகாதி. ஒரே அமாவாசையைக் கடந்து இரண்டு ஊரில் வருடம் பிறக்கிறது, ஒன்றில் வாயை மூடிக்கொண்டு, இன்னொன்றில் பச்சடி செய்து.

நான் போனை இருபது முறையாவது எடுத்திருப்பேன். மூன்று மணிக்கு மேல் எடுப்பது குறைந்தது, அடங்கியதாலா, பாட்டரி போனதாலா, தெரியவில்லை. நான்கு மணி நேரம் பகலில் தூங்கினேன், குழந்தை பெற்ற பிறகு இது இரண்டாவது முறை.

இருட்டியதும் திரைச்சீலையை இறக்கி, ஒரு சின்ன விளக்கு மட்டும். ஒன்பது மணிக்கு நீச்சல்குளம் பக்கம் தட்டுத்தடுமாறிப் போய் நின்றோம். அமாவாசை வானம், தீவு முழுக்க ஒரு விளக்கு இல்லை. செங்காங் வீட்டு வராந்தாவிலிருந்து நான் எண்ணியது அதிகபட்சம் ஏழு நட்சத்திரம். இங்கே கறுப்புக்கு இடமே இல்லை. மகள் போனை நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் விழவில்லை. "எடுக்க வராது பாட்டி" என்றாள். "அப்போ பாரு" என்றார் அம்மா.

30 மார்ச், ஞாயிறு – சானூர்

காலை ஆறைத் தாண்டியதும் போன் ஆட ஆரம்பித்து மேசையிலிருந்து விழப் பார்த்தது. 214 செய்திகள். பாதி பேங்காக் பற்றி. ஒன்பதாம் மாடித் தெலுங்குக்காரரின் யுகாதி வாழ்த்து நான்கு. அலுவலகக் குழுவில் என்னைக் கேட்ட ஒரு கேள்விக்கு, நான் பதில் சொல்லாததால் அவர்களே பதில் கண்டுபிடித்து முடித்தும்விட்டார்கள்.

டென்பசாரில் செசெத்தான் என்ற இடத்தில் ஞெப்பிக்கு மறுநாள் இளைஞர்கள் ஒருவரையொருவர் இழுத்துக் கட்டிப்பிடிக்கும் சடங்கு ஒன்று உண்டு, முத்தமும் உண்டு, போய்ப் பார்க்கலாமா என்று ஓட்டுநர் கேட்டார். நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். அம்மா ஜன்னலைப் பார்த்தார். கடற்கரைக்குப் போனோம். இளநீர் 25,000, பெருமழை, நனைந்த துண்டு, சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

31 மார்ச், திங்கள் – சாங்கி

ஒரு நாள் மூடிக் கிடந்த விமான நிலையம், அதோடு பெருநாள். கூட்டத்தைச் சொல்லி முடியாது. முன்னால் நின்ற ஜாவாக் குடும்பம் புதுச்சட்டை மடிப்புக் கலையாமல் நின்றது, பாட்டி டப்பாவைத் திறந்து வரிசை முழுக்க நாஸ்தார் (அன்னாசி வைத்த பிஸ்கட்) கொடுத்தார். அம்மா இரண்டு எடுத்து "செலாமத் ஹாரி ராயா" என்றார்.

என் ஈசிம்மில் 5.1 ஜிபி மீதி. இன்னும் 24 நாள் இருக்கிறது, செங்காங்கில் அதை வைத்து என்ன செய்வது? சாங்கியில் இறங்கியதும் நீக்கிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். "அம்மா, நீக்காத!" என்று மகள் கத்தியதில் பெட்டி வரும் பட்டைப் பக்கம் நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள்.

டாக்ஸியில் அம்மா இரண்டு நாள் தாமதமாகச் சனிப்பெயர்ச்சிப் பலனை ஓடவிட்டார், முழுச் சத்தத்தில். அம்மா மகர ராசி. ஏழரை வருடச் சனி சனிக்கிழமையோடு விலகிவிட்டதாம்.  நான் மேஷம். எனக்கு அன்றைக்குத்தான் தொடங்கியிருக்கிறது.

"இன்னும் ஏழரை வருஷமா?" என்றேன்.

"ரோமிங் பில் வரட்டும், முதல்ல அதைக் கட்டு" என்றார் அம்மா.